இடது கை கிளவுஸும் இருண்ட பொருளும்

போன செவ்வாய்க்கிழமை சூளகிரியில் பிரபஞ்ச ரகசியம் ஒன்று பிடிபட்டது. இடம் – எங்கள் ஃபேக்டரி ஸ்டோர் ஜன்னல்.

பாகலூரிலிருந்து வரும் மஞ்சுளாவுக்கு அன்று பத்து மணிக்கு ஸ்கில் டெஸ்ட். பாஸானால் பெர்மனென்ட். இல்லையென்றால் வீட்டுக்கு! தோல் கிளவுஸ் இல்லாமல் பிரஸ் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். அவரிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. இடது.

எங்கள் ஸ்டோரில் பழசைக் கொடுத்தால்தான் புதுசு. ஸ்டோர்கீப்பர் நாகராஜ் அண்ணன் அசையவில்லை. "ஒத்தையை வாங்கி நான் என்னம்மா பண்றது?"

இங்கேதான் நான் – எம்.எஸ்சி. பிசிக்ஸ், இப்போது குவாலிட்டி செக்ஷன் – மூக்கை நுழைத்தேன். "அண்ணா, இதான் டார்க் மேட்டர்."

விளக்கினேன். அண்டத்தில் கண்ணுக்குச் சிக்காத சரக்கு ஏராளம். கனம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. அது என்னவாம்? ஒரு யூகம் – நமக்குத் தெரிந்த ஹிக்ஸ் என்கிற துகளுக்கு, யாரோடும் ஒட்டாத தம்பி ஒருவன் உண்டு. அந்தத் தம்பி குடும்பத்துத் துகள்களுக்கு ஒரு கண்டிஷன். இரண்டு மோதினால் அழியலாம். இருப்பதிலேயே லேசானது தனியாக மாட்டினால் அழியவே வழியில்லை. காலாகாலத்துக்கும் சுற்ற வேண்டியதுதான்... ஒத்தை கிளவுஸ் மாதிரி!

மணி ஒன்பதே முக்கால்.

"சார், இன்னொண்ணு எங்கன்னு உங்க ஹிக்ஸையே கேட்டுச் சொல்லுங்க" என்றார் மஞ்சுளா.

நியாயம்தானே? ஓடினேன். லாக்கர் லாக்கராகக் கேட்டேன். ஒத்தை கிளவுஸ் இல்லாத லாக்கரே இல்லை. அத்தனையும் இடது! சின்ன ஸ்க்ரூவைப் பொறுக்க வலதைத்தானே கழற்றி எங்கேயோ வைக்கிறோம்?

ஒன்றோடு திரும்பினேன். நாகராஜ் அண்ணன் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "ரெண்டும் இடது."

நான் விடுவேனா? அந்தத் துகளுக்கு எதிர்த்துகள் தனியாகக் கிடையாது, அதுவேதான் அதற்கு ஜோடி என்றேன். இடதும் இடதும் மோதினாலே போதும். "போர்டைப் பாருங்கண்ணா. 'பழையது இரண்டுக்குப் புதியது இரண்டு'. எந்தக் கைன்னு போட்டிருக்கா?"

அவரே எழுதிய போர்டு. இரண்டு முறை படித்தார். கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். புது ஜோடி ஜன்னலுக்கு வெளியே வந்தது.

அன்று புரிந்தது – தொலைத்ததைத் தேடுவதைவிட, தொலைத்த இன்னொருவரைத் தேடுவது சுலபம்.

மஞ்சுளா பாஸ்! தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். கையில் புது கிளவுஸ்... ஒன்று.

இடது.