மூன்றரை மணிப் பாட்டு

1. டயலில்

நாற்பதுகளின் கடைசியில் ரேடியோ வைத்திருக்க வருடா வருடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பம்பாயில் அதைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஜலதோஷத்தால் லீவு போட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, மாட்டுங்கா வீட்டில் பிற்பகல் மூன்று பத்துக்கு ரேடியோவைத் திருப்பினேன். பம்பாய் நிலையம் அப்போது மூடியிருக்கும். ஆனால் எந்த நிலையமும் இல்லாத இடத்தில், ஹார்மோனியத்தோடு பழைய நாடகப் பாட்டு ஒன்று மெலிதாகக் கேட்டது. மூன்று நிமிடம் பாட்டு, ஒரு நிமிடம் மௌனம், மறுபடி பாட்டு. அறிவிப்பாளர் இல்லை.

"இது எந்த ஸ்டேஷன்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஒரு மாசமா வரதே. பக்கத்தாத்து மாமிகள்லாம் கேக்கறா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா பாட்டுக்கும் லைசென்ஸ் கேப்பேள்."

மூன்று நாள் லீவிலும் குறிப்பெடுத்தேன். மொத்தம் ஆறு ரெக்கார்டுகள், நான்காவதில் கீறல். தினமும் மூன்றரைக்குப் பாட்டோடு சேர்ந்து குடங்கள் உருளும் சத்தமும் ஒரு பெண் குரலும் வந்தன: "ஏட்டி, எங் கொடத்த நவுட்டுனது எவ?"

தண்ணீர் வரும் நேரத்தில் சோதனைக்குப் போனால் வீட்டில் ஆள் இருக்காது. அதனால் ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் என் டைரியில் இருந்தது. அந்தப் பேச்சு, பக்கத்தில் திருநெல்வேலித் தொழிலாளர்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் கேட்பது. மூன்றரைக்குத் தண்ணீர் வருவது அங்கே ஒரே ஒரு வரிசைக்கு.

2. கடையில்

லீவு முடிந்து போய் இதைச் சொன்னபோது மேலதிகாரி குரலை உயர்த்தவில்லை. "லைசென்ஸ் இல்லாத ஒலிபரப்புன்னா ஆள் ஜெயிலுக்குப் போவான். மறைச்சா உங்க வேலை போகும். திங்கக்கிழமை ரிப்போர்ட் வேணும்."

மறுநாள் மனைவியைக் கடிகாரத்தோடு ரேடியோ முன் உட்காரவைத்தேன். பாட்டு நடுவில் நின்றாலும் திரும்ப வந்தாலும் நேரத்தை எழுத வேண்டும். நான் லேபர் கேம்ப் போனேன்.

குழாய்க்கு எதிரே செல்லையாவின் ரேடியோ ரிப்பேர் கடை. கிராமபோன் குழலுக்கு முன்னால் ஒரு டெலிபோன் மைக் தொங்கியது. அதிலிருந்து, ரேடியோ அலையை உண்டாக்கும் வால்வு ஆஸிலேட்டருக்கு வயர்.

"யார் கேக்கறதுக்கு ஒலிபரப்பறீங்க?"

"ஒலிபரப்பா? ரிப்பேருக்குக் குடுத்த செட்ட வாங்குறவுக மத்தியானம் வாராக. அப்பம் ஸ்டேஷனே கெடையாது. பாட வச்சுக் காட்டாம எவம் எடுத்துட்டுப் போவான்? இது ஆறடி தாண்டாது சார்."

"மாட்டுங்கால எங்க வீட்ல கேக்கறது."

"வெளையாடாதீங்க சார்" என்றவர் என் பையிலிருந்த ரிப்போர்ட் தாளைப் பார்த்ததும் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். "பிள்ளைகுட்டிக்காரன் சார்."

ஒவ்வொரு வயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். எர்த் வயர் ஜன்னலைத் தாண்டித் தெருக்குழாயில் முடிந்தது. என் ரேடியோவின் எர்த்தும் குழாயில்தான். எல்லோரும் அப்படித்தான் கட்டினோம். பாட்டு தண்ணீர்க் குழாய் வழியாக வந்திருக்க வேண்டும்.

மூன்று நாற்பத்திரண்டுக்கு வயரைக் கழற்றினேன். நாற்பத்தேழுக்குக் கட்டினேன். ஐம்பதுக்கு மறுபடி கழற்றினேன். செல்லையா கடைக்குள்ளேயே மண்ணில் இரும்புக் கம்பி அடித்து எர்த்தை மாற்றினார்.

3. ரிப்போர்ட்டில்

வீட்டில் மனைவியின் தாளில் இருந்தது: '3.42 நின்றது. 3.47 வந்தது. 3.50 நின்றது. என்ன பண்ணினேள்?'

அந்தத் தாளையும் இணைத்து ரிப்போர்ட் எழுதினேன்: சோதனைக் கருவி, எர்த் கோளாறு, என் முன்னிலையில் சரிசெய்யப்பட்டது. மேலதிகாரி இணைத்த தாளின் கடைசி வரியில் விரல் வைத்தார்.

"இது யார் கேள்வி?"

"வீட்ல கேட்டது சார்."

கையெழுத்துப் போட்டார்.

புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்வது: வயரின் மறுமுனையைப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதாதீர்கள். அது உங்கள் வீட்டுக்குள்ளும் வரலாம். அன்றே என் ரேடியோவின் எர்த்தையும் மாற்றினேன்.

அடுத்த மாதம் மனைவி கேட்டாள்: "நம்ம ரேடியோவை ஒரு தரம் அந்தக் கடையிலே காட்டலாமா?"

"நன்னாத்தானே இருக்கு?"

"இருக்கட்டுமே. மத்தியானமா, மூணரைக்குப் போலாம்."