வீட்டுக்கு ஒரு தோள்

காலை ஆறேகாலுக்கு ஹட்டனில் நல்லதண்ணி பஸ் ஏறும்போதே அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சிவனொளிபாதமலைக்குப் போகும் காலம் அது. பஸ் நிறைய யாத்திரிகர்கள், எங்கள் மடியிலோ வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டுகள். பக்கத்திலிருந்த சிங்கள அம்மா நீங்களும் மலைக்குத்தானா என்று கேட்டார். எல்லாரும் ஏறப் போகிறீர்கள், நாங்கள் இறங்கப் போகிறோம் என்று அண்ணன் சிங்களத்தில் எரிந்து விழுந்தார். பாவம், அந்த அம்மா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

நாங்கள் போனது கீழ்க்கணக்குக்கு. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் எங்கள் ஆட்கள் கணக்கு என்பார்கள். மஸ்கெலியாவைத் தாண்டி, மலைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கில் ஒளிந்து கிடக்கிறது அது. வண்டிப் பாதை கிடையாது. அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பிரதீபனைத்தான் கட்டுவேன் என்று என் அண்ணன் மகள் நிரோஷா ஒற்றைக்காலில் நின்றாள். கட்டினால் அங்கேதான் குடித்தனம்.

அண்ணன் காலமெல்லாம் லொறி ஓட்டியவர். "வண்டி போகாத எடத்துக்கு எம் பொண்ணு போகாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அது வெறும் வீம்பு என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணிக்கு நெஞ்சுவலி வந்த இரவில் வாசலில் லொறி நின்றதால்தான் உயிர் தப்பினார். கடைசியில், ஒரு தடவை நடந்து போய்ப் பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் பேச்சை அதோடு விட்டுவிடுவது என்று அப்பாவும் மகளும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரும் வழக்கம் இல்லை. "நடக்கப்போறது நானு. நான் பாக்காம வேற யாரு பாக்குறது?" என்று அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். அண்ணி மேடு பள்ளம் ஏறக்கூடாது என்பதால் அவருக்குப் பதிலாக அத்தை நான். தையல் கடையை ஒரு நாள் பூட்டக் காரணம் கிடைத்தால் நான் விடுகிற ஆள் இல்லை.

மஸ்கெலியாவில் இறங்கி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினோம். தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் வண்டி நின்றது. "இதுக்கு மேல போகாதுங்க" என்றார் டிரைவர். "அது எனக்கே தெரியுது தம்பி" என்று அண்ணன் என்னை முறைத்தார். நானா பாதை போடாமல் விட்டேன்?

அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் நடை. முதலில் நல்ல தேயிலை, பிறகு கவாத்துப் பண்ணாமல் மரமாகிவிட்ட பழைய தேயிலை, அதற்குப் பிறகு ஆள் உயர மானாப்புல். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போயும் அட்டைகள் எங்களை விட்டபாடில்லை. புல் முடிந்த உச்சியில் பிரதீபன் எங்களுக்காகக் காத்திருந்தான். அங்கே நின்று கீழே பார்த்தேன். நாலு பக்கமும் மலை, நடுவில் ஒரு ஆறு, ஆற்றோரம் வரிசை வீடுகளாய் லயங்கள், ஒரு கோயில் கோபுரம், பச்சைப் பச்சையாய்த் தோட்டங்கள். இத்தனை வருஷம் ஹட்டனில் இருந்தும் இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

இறக்கம் முழுக்கப் பாறை. அதில் உளி கொண்டு படி வெட்டியிருந்தார்கள். "இதெல்லாம் யாரு வெட்டுனது?" என்று நிரோஷா கேட்டாள். "நாங்கதான். ஞாயித்துக்கெழமையில கொஞ்சம் கொஞ்சமா" என்றான் பிரதீபன். அண்ணன் காதில் விழாதவர் போல முன்னால் போனார். ஊற்றுத் தண்ணீர் கசிந்த ஒரு படியில் வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே நாலு படி இறங்கினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினேன். கணுக்கால் பணியாரமாய் உப்பியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

பிரதீபன் பள்ளத்தைப் பார்த்து நீளமாக ஒரு விசில் அடித்தான். கீழே தப்பு மேளம் அடிக்கும் சத்தம் கேட்டது. அரை மணி நேரத்துக்குள் ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள், ஆணும் பெண்ணுமாக ஒரு பெரிய கூட்டம். இரண்டு நீள மூங்கிலில் இறுக்கிக் கட்டிய மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

"வேணாங்க, நான் நடந்துக்குவேன்" என்றார் அண்ணன்.

"சும்மா ஒக்காருங்க மாமா. நீங்க ஆடுனா நாங்கதான் விழணும்" என்று ஒருவன் அவரைத் தூக்கி வைத்தான்.

ஒவ்வொரு வளைவிலும் தோள் மாறியது. எனக்குப் பக்கத்தில் வந்த பெண்ணிடம், இத்தனை பேர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "தப்பு கேட்டா வீட்டுக்கு ஒரு தோளு வந்தாவணுங்க அக்கா. ஆம்பள இல்லாட்டி பொம்பள. எங்க வீட்டுக்கு நான்" என்றாள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் வீட்டிலிருந்தும் வருவார்களாம். எங்கள் சனம் இது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாதி வழியில் அண்ணனுக்கு டிரைவர் புத்தி வந்துவிட்டது. மேலே உட்கார்ந்துகொண்டு, "ரைட்டுல ஒடி, ரைட்டுல" என்று உத்தரவு போட ஆரம்பித்தார்.

பகல் பன்னிரண்டரைக்குப் பிரதீபன் வீடு போய்ச் சேர்ந்தோம். லயத்து ஒற்றை அறைக் காம்பராதான், ஆனால் முன்னால் ஒரு அறை இழுத்துக் கட்டி, வெள்ளை அடித்து, பளிச்சென்று வைத்திருந்தார்கள். ஒரு கிழவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டார். நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் பிரமாதம். அண்ணன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியதும் பிரதீபனின் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நேராவே கேக்குறேங்க. நடுராத்திரியில எம் பொண்ணுக்கு நோவு வந்தா என்ன செய்வீங்க?"

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க எப்புடி வந்தீங்களோ, அப்புடித்தாங்க கொண்டு போவோம்."

அண்ணன் கட்டுப் போட்ட காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் அநேகமாக இல்லை என்று அர்த்தம். நிரோஷா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். மறுபடியும் நாற்காலி, மறுபடியும் அதே கூட்டம், ஏற்றம் என்பதால் இறங்கியதை விட மெதுவாக. அண்ணன் வழுக்கிய அதே இடத்தில் தோள் மாற்ற நின்றார்கள். பிரதீபன் மூங்கிலுக்குக் கீழே குனிந்தான். நிரோஷா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ வேணாம். வீட்டுக்கு ஒரு தோளுதான். எங்க வீட்டுக்கு நான் இருக்கேன்" என்றான் அவன்.

"அப்ப நீங்க வெலகுங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. பிரதீபன் விலகினான். அவள் குனிந்து மூங்கிலைத் தோளில் வாங்கினாள், மற்ற மூவரோடு சேர்ந்து நிமிர்ந்தாள். முதல் படியில் கால் நடுங்கியது. அடுத்த படியில் நடுங்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கக் கூட அண்ணன் அவளை விட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மருமகள் என்று அந்த மலைக்கெல்லாம் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல இருந்தது. அண்ணன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, மகளின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். ரைட்டும் இல்லை, லெப்டும் இல்லை.

மடுவத்தில் ஆட்டோ காத்திருந்தது. நாற்காலியை இறக்கினார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்து எழுந்து நின்று, பிரதீபனைக் கூப்பிட்டார்.

"எங்க பக்கத்துல எப்படியும் நூறு பேராச்சும் வருவாங்க. அத்தன பேரையும் ஒங்களால தூக்க ஏலாது. கல்யாணத்த ஹட்டன்லயே வச்சுக்குவோம்" என்றார்.