வேலை கேட்கும் மனுவில் கூழ் எதற்கு?

"…அந்த வரியெல்லாம் அடிச்சுப் போடுங்க சாமி! நான் வேலை கேக்கறனா, கூழு கேக்கறனா?"

என் பேனா அப்படியே நின்றுவிட்டது.

கேட்டவள் வெள்ளையம்மாள். கொல்லிமலையில் சாமையும் மிளகும் விளைவிக்கிறவள். போன வாரம் புளியஞ்சோலைப் பாதையாக இறங்கி, நேரே என் வீட்டுக்கு வந்தாள். அடிவாரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை ஒன்று, ஒன்றே ஒன்று, காலி. அன்று சாயங்காலத்துக்குள் மனு வந்தாக வேண்டும். டவுனிலிருந்து சிலர் பெரிய மனிதர்களின் சிபாரிசோடு ஏற்கெனவே வந்துவிட்டார்களாம்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவனல்ல. ஆனாலும் மனு எழுதுவதில் கைராசிக்காரன் என்று பேர். எப்படி எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியாதா? 'கருணைக் கடலாகிய டாக்டர் அவர்கள் சமூகத்துக்கு, ஏழையும் கதியற்றவளுமான அடியாள் பாதம் பணிந்து…' படிக்கிறவர் கண்ணில் ஜலம் வரவேண்டும். அப்போதுதான் அது மனு!

அதைத்தான் அவள் அடிக்கச் சொன்னாள்.

"சரி தாயி, உனக்கு என்ன வேலை தெரியும்? அதைச் சொல்லு, எழுதறேன்" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். கூட வந்த கருப்பாயி களுக்கென்று சிரித்தாள்.

"அவளைக் கேட்டா எப்படீங்க சொல்லுவா? தன்னைத் தானே மெச்சிக்கிட்டா எங்க ஊருல சிரிப்பாங்க. கூட இருந்து பாத்தவங்கதான் சொல்லோணும். என்னைக் கேளுங்க!"

சங்கடத்தைப் பாருங்கள்! கெஞ்சவும் மாட்டாள், பெருமை பேசவும் மாட்டாள். பிறகு மனுவில் என்னதான் எழுதுவது? கருப்பாயி சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மழைக்காலத்துல எனக்குக் குளிர்காய்ச்சலுங்க. ஊட்டுக் கூரையே ஆடற மாதிரி நடுக்கம். இவதான் தூளி கட்டி, ஆம்பளைங்களை மிரட்டித் தூக்க வெச்சு, மலையை உட்டு எறக்கிக் கொண்டாந்தா. வழி பூராவும் இவ வாய் ஓயலீங்க!"

"நீ பொலம்புனே, நான் அதட்டுனேன்" என்றாள் வெள்ளையம்மாள்.

"காய்ச்சலுக்குக் குடுத்த கொய்னா மருந்து கசக்குதுன்னு துப்புனேன். மூக்கைப் புடிச்சு ஊத்துனா பாருங்க… இன்னிக்கும் இவ மூஞ்சியைப் பாத்தா எனக்கு வாய் கசக்குது! ஊசின்னா எங்க பொம்பளைங்க ஓடிருவாங்க. இவ பக்கத்துல நின்னா ஓட மாட்டாங்க."

"ஏன்?"

"ஓடுனா புடிச்சுக்குவாளே!"

ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'இதைக் கண்ணால் கண்டவள் கருப்பாயி' என்று முடித்து, இருவர் கைரேகையும் வாங்கினேன். எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். 'நான் எழுதியது' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான்!

பரீட்சை தேறிய தம்பிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் எத்தனை வாய், எவ்வளவு கஷ்டம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். வேலை தருகிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? உங்களால் அவருக்கு எந்தக் காரியம் ஆகும்… அந்த ஒரு வரி எங்கே? அதைக் கண்ணால் பார்த்த ஒரு ஆள் எங்கே?

சாயங்காலம் நானும் கூடப் போனேன். சிபாரிசுக் கடிதங்களை எல்லாம் புரட்டி முடித்திருந்த டாக்டர், எங்கள் மனுவையும் எடுத்தார். கொய்னா வரி வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஏம்மா, உனக்குத்தான் வேலை. எப்போ வர்றே?"

வராந்தாவில் ஒரு முரட்டு மீசைக்காரர், கொய்னா கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் கம்பவுண்டரை முறைத்துக்கொண்டிருந்தார். வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே போனாள்… அவர் மூக்கைப் பிடித்தாள்.