வகுப்புக் குழுவில் நான் பேசிய பேச்சு

கடந்த மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து குருநகரில் எங்கள் வீட்டுக்கு வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் உயர்தரத்தில் கணினிப் பாடம் படிக்கிறாள். இங்கே பக்கத்தில் திருநெல்வேலியில் ரியூசன். மிச்சப் படிப்பெல்லாம் வட்ஸ்அப் குழுவில். அதுவும் என் போனில். வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். கடலுக்குப் போன மனுசன் கரைக்கு வந்து அழைத்தாலும், "பொறுங்கோ அம்மா, சேர் புரோகிராம் அனுப்புறார்" என்று தரமாட்டாள். நாள் முழுக்க டிங் டிங். எனக்குத் தலையிடி.

அன்று காலையும் ஆசிரியர் எதையோ அனுப்பிவிட்டு, விளங்கியதா என்று கேட்டிருந்தார். வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். மகளும் ஒன்று போட்டாள். போட்டுவிட்டு மூலையில் இருந்து அழுகிறாள்.

"ஏனடி?"

"புரோகிராம் ஒண்டிலயிருந்து பத்து வரைக்கும் எழுதிப்போட்டு நிக்கவேணும். என்ரை ஒண்டு, ஒண்டு, ஒண்டெண்டு நிக்காமல் ஓடுது."

"அப்ப கேளன்."

"கேட்டனான். எல்லாரும் பாத்திட்டினம், ஒருத்தரும் பதில் இல்லை. உந்தப் பாடம் எனக்குச் சரிவராது. விடப்போறன்."

போனை வாங்கிப் பார்த்தேன். அவள் கேள்வியில் நீலக்குறி விழுந்திருந்தது. குழுவில் அத்தனை பேரும் பார்த்தால்தான் அது நீலமாகும் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதற்குக் கீழே யாரோ காலை வணக்கம் என்று ஒரு பூப்படம். அந்தப் பூவைக் கண்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் கையோடு மைக்கை அமத்தினேன்.

"பிள்ளையள், நான் இவளின்ரை அம்மா கதைக்கிறன். பிள்ளை ஒரு கேள்வி கேட்டுப்போட்டு இருந்து அழுகுது. எல்லாரும் பாத்திட்டுப் பேசாமல் இருக்கிறியள். தெரிஞ்சால் சொல்லுங்கோ. தெரியாட்டில் தெரியாது எண்டாவது சொல்லுங்கோ. பூப்படம் போட மட்டும் கை வருதோ?"

மகள் பாய்ந்து வந்து பறிப்பதற்குள் அது போய்விட்டது.

"இனி எந்த முகத்தோட வகுப்புக்குப் போறது?" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஆசிரியரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஒருவன் எழுதினான்: "அன்ரி, எனக்கும் நிக்குதில்லை." அடுத்து, "எனக்கும்." உடுப்பிட்டியிலிருந்து வரும் ஒரு பிள்ளை குரலிலேயே சொன்னாள்: "எனக்கு முதல் வரியே விளங்கேல்லை அன்ரி. எல்லாரும் போட்டவை எண்டு நானும் விரல் போட்டனான்."

கதவைத் தட்டிப் போனை மகளிடம் கொடுத்தேன். கடைசியாக ஆசிரியர் பேசினார். "அவளுக்குத் தனியச் சொல்லுவம், மற்ற எல்லாருக்கும் விளங்கீட்டுது எண்டல்லோ நான் அடுத்த பாடத்துக்குப் போக இருந்தனான்." அவருக்கும் எரிச்சல்தான். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணோடு ஒன்றைக் கூட்டச் சொல்லும் வரியைப் பிள்ளைகள் விட்டுவிட்டார்களாம். அதைத் திரும்ப முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

பின்னேரம் மகளின் புரோகிராம் பத்தில் நின்றது. பாடத்தையும் அவள் விடவில்லை. என்னோடு கதைக்கத்தான் நாளெடுத்தது.

டிங் டிங் இன்னும் ஓயவில்லை. வருவதில் பாதி இப்போது "விளங்கேல்லை சேர்" என்பதுதான். எல்லோரும் பேசாமல் இருந்தால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் தனித்தனியே ஒரே கேள்விக்கு அழுதிருப்பார்கள் என்று எண்ணும்போது, எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.