மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

சுளுக்கு இடம் மாறாது

முழங்காலில் பிடித்த சுளுக்கு முழங்காலிலேயேதான் கிடக்கும். அங்கிருந்து கிளம்பிக் கணுக்காலுக்குப் போய், நாலு நாள் கழித்து மணிக்கட்டில் வந்து உட்காராது. புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ரிஸ்வானாவை அவள் அம்மா ஷம்சாத் கைத்தாங்கலாக எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வந்தபோது, அந்தப் பிள்ளைக்கு இரண்டு ஊரில் சுளுக்கு வழித்து முடித்திருந்தார்கள்.

மீமிசலைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருந்தது எங்கள் நிலையம். நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். ரிஸ்வானா ஏழாம் வகுப்பு படித்தாள். அப்பாவை அவள் அத்தா என்பாள், அவர் சவுதியில் டிரைவர். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது, மணிக்கட்டு வீங்கியிருந்தது, நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

“முட்டி நல்லாப் போச்சு சிஸ்டர். வழிச்சு விட்டதுல வலி கைக்கு ஏறிருச்சாம். இன்னொரு தடவ வழிச்சா வெரல் வழியா எறங்கிரும்னாங்க” என்றாள் ஷம்சாத்.

“வலி என்ன பஸ்ஸா, ஸ்டாப் ஸ்டாப்பா எறங்கிப் போறதுக்கு?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டார். பிறகு, “கொஞ்ச நாளைக்கு முன்னால தொண்டை வலி வந்துச்சா?” என்று கேட்டார்.

“அது எல்லாப் புள்ளைக்கும் வாரதுதான டாக்டரம்மா. உப்புத் தண்ணி கொப்புளிச்சா, சரியாப் போச்சு.”

அன்றைக்கே ஆம்புலன்ஸில் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு ருமாட்டிக் ஃபீவர் என்றார்கள். இதயத்தின் இடது பக்க வால்வில் லேசான லீக் இருந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்ததும் மூட்டு வலி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. வம்பே அங்கேதான் ஆரம்பம்.

காயில் கருகிரும் சிஸ்டர்

டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஷம்சாத் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். “காச்சல் இல்ல, வலி இல்ல, புள்ள ஓடியாடித் திரியுறா. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, அதுவும் இருவத்தோரு வயசு வரைக்குமாவது போடணும்ங்குறாங்க. இது என்ன சிஸ்டர் அநியாயம்!”

உட்கார வைத்துச் சொன்னேன். “தொண்டையில ஒரு கிருமி வந்துச்சு. அத அடிச்சு வெரட்ட ஒடம்பு கெளம்புச்சு. அந்த ஆத்திரத்துல ஆள் தெரியாம, சொந்த மூட்டையும் இதயத்தையும் சேத்து அடிச்சிருச்சு. மூட்டு ஆறிரும். ஆனா வால்வுல அடி விழுந்தா தழும்பாகும். ஒங்க வீட்டு மோட்டார்ல ஃபுட் வால்வு லீக் ஆனா என்ன ஆகும்?”

“ஏறுன தண்ணி திரும்பக் கீழ எறங்கிரும். மோட்டார் சும்மா ஓடிக்கிட்டே கெடக்கும்.”

“ஓடிக்கிட்டே கெடந்தா?”

“காயில் கருகிரும் சிஸ்டர்” என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப லீக் கொஞ்சமாத்தான் இருக்கு. திரும்பவும் அந்தத் தொண்டைக் கிருமி வந்தா திரும்பவும் அடி விழும். கிருமியை அண்ட விடாம வச்சிருக்கத்தான் இந்த ஊசி” என்றேன். ஊசித் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவள் ரிஸ்வானா அல்லவா! இந்த நீண்ட நாள் பென்சிலின் இருக்கிறதே, அது பொல்லாத மருந்து. பவுடரில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் சுண்ணாம்புப் பால் மாதிரி இருக்கும். மெல்லிய ஊசியில் ஏறாது. பாதியில் தயங்கினால் அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்த வேண்டும். இடுப்புக்குக் கீழே ஆழமாகப் போட வேண்டும், போட்ட இடம் இரண்டு நாள் கடுக்கும். முதல் தடவை ரிஸ்வானா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

நான் மருந்துக் குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, போடும் இடத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரே சீராக ஏற்றுவேன். ஏற்றும்போது அவள் அத்தா கடைசியாக என்ன அனுப்பினார் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி முடிந்துவிடும். “சிஸ்டர் கை ராசியான கை” என்று ஷம்சாத் ஊரெல்லாம் சொன்னாள். நான் லீவு என்றால் ரிஸ்வானா வாசலோடு திரும்பிப் போய், மறுநாள் வருவாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா கேட்டார். “நீங்க எப்ப சிஸ்டர் ரிட்டயர்டு?”

சொன்னேன்.

“அப்ப இந்தப் புள்ளைக்கு இருவத்தொண்ணு ஆயிருக்குமா?”

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே புதிதாக வந்த நர்ஸ் சரண்யாவை ரிஸ்வானாவுக்கு ஊசி போடச் சொன்னேன். பிள்ளை மேசையிலிருந்து குதித்து, செருப்பைக்கூடப் போடாமல் கேட் வரைக்கும் ஓடிவிட்டாள். கடைசியில் நான்தான் போட்டேன். அடுத்த முறையும் அதே கூத்து. ஓய்வு நாளும் வந்துவிட்டது. மாலையும் சால்வையுமாக என்னை வழியனுப்பி வைத்தார்கள். எனக்கு ரிஸ்வானா ஞாபகம்தான்.

நோன்பு மாதம்

“வீட்டுக்கே வந்து போட்டுட்டுப் போங்க சிஸ்டர், கார் அனுப்புறேன்” என்று ஷம்சாத் கெஞ்சினாள். கண்டிப்பாக மாட்டேன் என்றேன். பென்சிலின் எப்போது யாருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று சொல்ல முடியாது. போட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு டாக்டர், ஆக்சிஜன், மாற்று மருந்து எல்லாம் பக்கத்தில் வேண்டும். கூடத்துச் சோபாவில் போடுகிற ஊசி இல்லை இது.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ஊசி, நோன்பு மாதத்தில் விழுந்தது. தேதி தாண்டிய பிறகு ஷம்சாத் போன் செய்தாள்.

“நோன்பு முறிஞ்சிரும்னு ஊசி போட்டுக்க மாட்டேங்குறா சிஸ்டர்.”

“பள்ளிவாசல்ல கேட்டீங்களா?”

“கேட்டேன். சதையில போடுற ஊசிக்கு முறியாதுன்னு ஹஜ்ரத் சொல்லிட்டாங்க. இப்ப வெறும் வயித்துல போட்டா மயக்கம் வரும்ங்குறா. பெருநாள் கழிச்சு வாரேன்ங்குறா. நேத்துலருந்து தொண்டை வேற வலிக்குதாம்.”

ஊசி தள்ளிப் போயிருக்கிறது, தொண்டையும் வலிக்கிறது. வால்வில் இன்னொரு அடி விழுந்தால் சிறு லீக் பெரிய லீக் ஆகும், பிறகு ஆபரேஷன் என்பார்கள். “நோன்பு தொறந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் அங்க வாரேன்” என்று சொல்லிவிட்டு, என் ஊரான ஆவுடையார்கோவிலில் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். சிவந்திருந்தது. “இன்னைக்கே போடணும். தொண்டைக் கிருமிக்கும் இதுதான் மருந்து” என்றார். ரிஸ்வானா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அப்ப நீங்களே போட்டுருங்க” என்றாள்.

“நான் இப்ப இந்த ஆஸ்பத்திரி ஆள் இல்ல. டிக்கெட் எடுத்து வந்த பொம்பள” என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. ஆனால் ஓடவில்லை. சரண்யா மருந்து கலந்தாள். எனக்குக் கையும் வாயும் சும்மா இருக்குமா? “நல்லா உருட்டு. நுரை கட்டிறப் போகுது. ஊசி சைஸ் பாத்தியா? ஸ்பிரிட் காயட்டும். அழுத்திப் பிடி” என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

ரிஸ்வானா திரும்பிப் பார்த்து, “சிஸ்டர், நீங்க பேசப் பேசத்தான் எனக்குப் பயம் கூடுது. கொஞ்சம் வெளிய இருங்களேன்” என்றாள்.

சரண்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் வெளியே வந்து, நோன்புக் கஞ்சித் தூக்கோடு உட்கார்ந்திருந்த ஷம்சாத் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். இதோ அலறுவாள், இதோ ஓடி வருவாள் என்று இருவரும் கதவையே பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு தானே நடந்து வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

“வலிச்சுச்சா?” என்றேன்.

“வலிச்சுச்சு. ஆனா நீங்க போடுறதுக்கு இது பரவால்ல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கை ராசி, கை ராசி என்றீர்களே அடிப் பாவிகளா! அடுத்த நிமிஷமே சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. ஷம்சாத் தூக்கைத் திறந்து எனக்கும் சரண்யாவுக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அந்த அரை மணி நேரம் நல்லபடியாகப் போயிற்று.

தொண்டை வலி காய்ச்சல் வரைக்கும் போகாமல் ஆறிவிட்டது. சில மாதம் கழித்துப் புதுக்கோட்டையில் எக்கோ எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஷம்சாத் போன் செய்தாள். லீக் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருக்கிறதாம். அப்பாடா என்று அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். நோயாளி நம்மைத் தேடி வந்தால் பெருமைதான், நர்ஸ் பிள்ளைகளே, பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாம் இல்லாத அன்றும் அவர் ஊசி போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ரிஸ்வானாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். “இந்தத் தடவை ஊசி போட்டாச்சா?”

“போட்டாச்சு சிஸ்டர்.”

“சரண்யாதான போட்டா?”

“இல்ல, அவங்க லீவு. வேற யாரோ ஒரு சிஸ்டர் இருந்தாங்க, போட்டு விட்டாங்க. பேரு கேக்கல.”