வேப்பமரத்தடியில் ஒரு மாஸ்டர்

திண்டிவனத்தில் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்த சமையல் மாஸ்டர் மண்டபத்துக்குள் காலே வைக்கவில்லை. பெருத்த உடம்பு, தோளில் துண்டு, முகத்தில் மாஸ்க். வெளியே வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து, போனிலேயே சமையல்கட்டை நடத்திக்கொண்டிருந்தார். ஃப்ளூ வந்து மூன்றாவது நாள்.

ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. எனக்குப் பதற்றம். "மாத்திரையில ஜுரம்தான் போய்டுச்சே மாஸ்டர், உள்ள வாங்க" என்றேன்.

"ஜுரம் போய்டுச்சிங்க, தொத்தறது போவல. மாத்திரை போட்டாலும், ஜுரம் வந்ததுலேர்ந்து அஞ்சு நாள் ஒதுங்கி இருன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வர்றவங்க தாம்பூலப் பையில இதையும் போட்டு அனுப்பவா?"

சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்காத மனிதர். எல்லாவற்றையும் மூக்காலேயே கண்டுபிடிப்பார். அன்று அந்த மூக்கு அடைத்திருந்தது. அதனால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஜல்தியா போய் சாம்பாரை மோந்து பாத்துக்கினு வாங்க. புளி முன்னாடி நிக்குதா, பருப்பு நிக்குதா?"

ஓடிவந்து, எட்ட நின்று, "புளிதான்" என்றேன். கண்ணை மூடி யோசித்தார். "இன்னும் ஒரு படி பருப்பு மசிச்சி ஊத்து" என்று போனில் சொன்னார். இப்படி ஐந்து முறை ஓடினேன்.

பந்தியில் சாம்பாரை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். போய்ச் சொன்னேன். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. "நல்ல மூக்குங்க உங்களுது. பத்திரமா வச்சிக்கோங்க."

இப்போதும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் கால் சமையல்கட்டு வாசலில்தான் போய் நிற்கிறது. பசி என்று நினைத்து யாராவது வடை கொடுக்கிறார்கள். அதையும் முதலில் மோந்துதான் பார்க்கிறேன்.