குயின்ரஸ் என்ற பெயரோடு பாபகூராவுக்கு

போன சனிக்கிழமை ஹில்ஸ்பரோவிலிருந்து, நாங்கள் குடியேறிய இந்த நகரத்தின் தென்கோடியிலுள்ள பாபகூராவுக்குப் போனேன். அக்காவின் மகனுக்கு அங்கே பதினொரு மணிக்கு ஞானஸ்நானம். நான் ஞானத்தாய். எங்கள் குடும்பத்தில் குருவானவர் பிள்ளையின் பெயரைக் கேட்கும்போது ஞானத்தாய்தான் சொல்ல வேண்டும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே எனக்குக் குரல் அடைத்துவிடும். போன வருடம் படிப்பை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெயர் குயின்ரஸ். மன்னாரில் எங்கள் ஆட்களிடம் உள்ள பெயர்தான். ரோமர்களின் லத்தீன் மொழியில் ‘ஐந்தாவது’ என்று அர்த்தம். ஆனால் இவன் முதல் பிள்ளை. இவனுக்கு முன் நான்கு தடவை அக்காவுக்குக் கரு தங்கவில்லை. அது அத்தானுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். (அக்காவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

வீட்டிலிருந்து 8.10க்குப் பஸ். பதினைந்து நிமிடத்தில் ஒனஹங்கா. அங்கிருந்து ரயிலில் எல்லர்ஸ்லி வரை போய், இறங்கி, அதே மேடையின் எதிர்ப்பக்கம் வரும் பாபகூரா ரயிலில் ஏற வேண்டும். படி ஏறி இறங்கத் தேவையில்லை. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

ரயிலில் வாய்க்குள்ளேயே பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மருத்துவமனைச் சீருடையில் ஓர் அன்ரி, தமிழ்நாட்டுக்காரர்.

“என்னம்மா, எக்ஸாமா?”

“இல்லை அன்ரி. அக்கான்ர பிள்ளைக்கு ஞானஸ்நானம். பேர் சொல்லிப் பழகிறன்.”

“எங்க, சொல்லு பாப்போம்.”

சொன்னேன்.

“பக்கத்துல இருக்கிற எனக்கே கேக்கல. சர்ச்ல கடைசி பெஞ்சுக்கு எப்படிக் கேக்கும்?”

இன்னொரு தரம் சொன்னேன். எதிரே இயர்போன் போட்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமா, இப்ப கேட்டுச்சு” என்று சிரித்துவிட்டு அன்ரி மிடில்மோரில் இறங்கிப் போனார்.

அதன் பிறகு நூலகத்தில் எழுதிக்கொண்ட குறிப்பை வாசித்தேன். ரோமர்கள் ஆண்களுக்கு வைத்த முதற்பெயர்கள் மிகக் கொஞ்சம். நெருங்கியவர்கள்தான் அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். கல்லில் வெட்டும்போது முதல் எழுத்து மட்டும் போதும். பிறந்து ஒன்பதாம் நாள் மகனுக்குப் பெயர். குயின்ரஸ் முதலில் ஐந்தாவது பிள்ளைக்கோ வருடத்தின் ஐந்தாம் மாதத்தில் பிறந்தவனுக்கோ வைத்த பெயராக இருக்கலாம். பின்னாளில் தகப்பனின் பெயர் என்று எண்ணிக்கை பார்க்காமலே மூத்தவனுக்கும் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் நூலகத்துக்கே போனேன். யாராவது கேட்டால் அக்காவைக் காப்பாற்ற அது போதும்.

பாபகூரா நிலையத்திலிருந்து தேவாலயம் பத்து நிமிட நடை. வாசலிலேயே மாமி நின்றார். அத்தானின் அம்மா, மூன்று மாத விசாவில் மன்னாரிலிருந்து வந்திருக்கிறார்.

“பிள்ளை, நீதானே பேர் சொல்லப்போறாய். அன்ரன் எண்டு சொல்லிவிடன். இவன்ர அப்பப்பான்ர பேர். மூத்த பிள்ளைக்கு ஆரும் அஞ்சாவது எண்டு பேர் வைப்பினமே? ஊர் சிரிக்காதே?”

அக்கா குழந்தையோடு பக்கத்தில்தான் நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. நான் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

“இல்லை மாமி, ரோமர் பிறகு எண்ணாமலே வைச்சிருக்கினம். மூத்தவனுக்கும் வைப்பினம். அது சும்மா ஒரு பேர்தான்.”

“ஓமோ?” மாமி பாதி நம்பினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்கா மெதுவாகச் சொன்னாள்: “சும்மா இல்லை மாமி. நான் எண்ணித்தான் வைச்சனான்.”

மாமி அவளைப் பார்த்தார். பிறகு எண்ணுவதுபோலத் தன் விரல்களைப் பார்த்தார். குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வடிவாச் சத்தமாச் சொல்லு பிள்ளை. பின்னுக்கு இருக்கிறவைக்கும் கேக்கவேணும்.”

குருவானவர் பெயரைக் கேட்டார். குயின்ரஸ் என்று சொன்னேன். கூரையில் பட்டு எனக்கே திரும்பிக் கேட்டது. குழந்தை தண்ணீருக்கு அழாமல் என் சத்தத்துக்குத்தான் அழுதது.

போகிறவர்களுக்கு: வாரக்கடைசியில் தண்டவாள வேலை இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ்தான், முதல் நாளே பார்த்துவிடுங்கள். எல்லர்ஸ்லியில் காற்று அதிகம், ஜாக்கெட் வேண்டும். எங்கள் குடும்பத்தில் போல நீங்களும் பெயர் சொல்லப் போகிறவர் என்றால், ரயிலில் யாரும் பக்கத்தில் இருந்தால் ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். காகிதக் குறிப்பு எனக்குத் தேவைப்படவில்லை. இப்போது அது மாமியின் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. ஊரில் யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.